பெயர் எழுதாத படங்கள்

மன்னரையும் மாளிகையையும் விடுத்து, எளிய மாந்தரின் இல்வாழ்வைக் காட்டி, அதன் வழியே ஒரு சமுதாயத்தின் வரலாற்றை உணர்த்தும் புகைப்படக் கண்காட்சிகள் இன்று பெருகியுள்ளன. அவ்வகையில் நம் நாட்டு வீடுகளையே பொருளாகக் கொண்ட ஒரு படைப்பை இங்கு ஆராய்வோம். கெடாத் தோட்டத் தமிழர் வரலாற்றைத் தொகுப்பார்க்கு அது எவ்வளவு வழிகாட்டும் என்பதே நம் கேள்வி.

போர்ட்டிக்சனில் வளர்ந்த கலைஞர் சிம்ரின் கில், 2001 ஆம் ஆண்டில் 'டாலாம்' என்னும் படத்தொகுதியைப் படைத்தார். மலாய்ச் சொல்லாகிய அதற்கு 'உள்ளே' என்றும் 'ஆழம்' என்றும் பொருள் உண்டு. அவர் தீபகற்ப மலேசியாவில் பயணம் செய்து, முன்பின் அறியாதார் வீட்டுக் கதவைத் தட்டி, இசைவு பெற்று, வரவேற்பறைகளைப் படம் பிடித்தார். 260 படங்களுள் ஒன்றிலேனும் மனிதர் இல்லை. ஆயினும், இருக்கைகளை இட்ட முறையிலும் சுவரை அழகு செய்த முறையிலும் அங்கு வாழ்வாரின் மனம் தெரிகின்றது. இன்ன இனத்தார் வீடு என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்தது பாராட்டத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிங்கப்பூர் லம்பர்ட் நிறுவனம் விற்ற படங்களில், மாந்தர் இனத்தின் பெயராலும் தொழிலின் பெயராலும் குறிக்கப்பட்டனரேயன்றித் தம் பெயரால் அல்லர். அவ்வழக்கத்தை இக்கலைஞர் விலக்கினார் எனலாம்.

எனினும் அவரும் வீட்டார் பெயரை எழுதினாரல்லர், எண்ணே தலைப்பாயிற்று. கலைக்கு அது குறையன்று. காண்பார் தாமே எண்ணிப் பார்க்க அது இடம் தருகின்றது. ஆனால் கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்டங்களுக்கு இம்முறை பொருந்துமா? பொருந்தாது என்பதே எம் கருத்து.

காரணம் வெளிப்படை. நாட்டின் ரப்பர்த் தோட்டங்கள் பல 1950களிலும் 1960களிலும் துண்டாடப்பட்டன. எஞ்சியவற்றுள் பல பின்னர்ச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்தன. லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமன்று. வேலை போனால் வீடும் போயிற்று. நிலப்பட்டாவில் அவன் பெயரைத் தேடிப் பயனில்லை. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், புகைப்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கப்பட்டது. பால்மரம் சீவியோர் பலர்க்கு அதுவே வாழ்நாளின் முதற்படமாக இருந்திருக்கும். அது அரசு கேட்ட படம். திருமணத்தின்போது பட்டணத்து ஸ்டூடியோவில் எடுத்துக் கொண்டதோ தாமே விரும்பிய படம். அப்படம் பெயரின்றிக் கண்காட்சிக்கு வருமாயின் 'தோட்டப் பெண்' என்னும் பொதுப்பெயரே எஞ்சும். லம்பர்ட் காலத்து நிலைக்கே நாம் மீள்வோம்.

1955இல் நியூயார்க்கில் நடைபெற்ற 'மனிதக் குடும்பம்' என்னும் புகழ்பெற்ற கண்காட்சியில் 68 நாடுகளின் 503 படங்கள் இடம்பெற்றன. பிறப்பும் இறப்பும் எங்கும் ஒன்றே என்று அது காட்டிற்று. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலன் பார்த் இதை ஏற்கவில்லை. எல்லாக் குழந்தையும் பிறக்கின்றது. ஆயினும் எவ்வளவு துன்பத்தில் பிறக்கின்றது, பிழைக்கின்றதா என்பதன்றோ வரலாறு என்பது அவர் வாதத்தின் சாரம்.

தமிழர்க்கு இது புதிய கருத்தன்று. நம் முன்னோர் நடுகல்லை நட்டதோடு அமையவில்லை. வீரன் பெயரையும் பெருமையையும் அதில் எழுதினர் என்று அகநானூறு கூறுகின்றது.

ஆதலின் தமிழாசிரியர்கள் இப்பணியை மேற்கொள்ளல் வேண்டும். மாணவர் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு, பழைய படத்தில் உள்ளார் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு, செய்த வேலை ஆகியவற்றைக் குறித்து வரட்டும். படத்தின் பின்புறம் எழுதுவதாயின், மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுக. பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். நகல் எடுத்ததும் மூலப்படம் உரியவரிடமே திரும்புதல் வேண்டும். காட்சிக்கு வைக்க அவர் இசைவும் வேண்டும்.

கண்காட்சி மெல்ல அமையலாம். பெயர் சொல்ல வல்ல முதியோர் நெடுநாள் காத்திரார்.