ஒரு பல் கூட்டினால்

அக்கா மகன் ஒரு மாலை என் கையில் வைத்தது சட்டைப் பொத்தான் அளவே உள்ள ஒரு பல்சக்கரம். "இருபத்தஞ்சு பல்லு மாமா. இனிமே பாருங்க!" என்றான். அவனுடையது டமியா டிடி-02. 2013இல் வந்தது, ரிமோட் கார் பந்தயத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் வாங்கும் பத்தில் ஒரு பங்கு அளவுக் கார்களில் ஒன்று. பெட்டியைப் பிரிக்கும்போது மோட்டார் தண்டில் ஏற்றுவதற்கு 22 பல் பினியன் இருக்கும். அது சுழற்றும் பெரிய சக்கரத்துக்கு, அதாவது ஸ்பருக்கு, 70 பல்.

22ஐக் கழற்றி 25ஐ மாட்டி, எங்கள் அடுக்குமாடியின் பார்க்கிங்கில் சாக்பீஸால் வளைவுகள் வரைந்து ஓட்டினோம். தூணுக்குத் தூண் நேராக வரும்போது கார் சீறியது. சந்தேகமே இல்லை, டாப் ஸ்பீடு கூடியிருந்தது. ஆனால் பத்துச் சுற்றுக்குச் செல்போனில் நேரம் பிடித்தால், பழைய பினியனில் ஓடியதைவிட மூன்று வினாடி அதிகம்! மோட்டாரைத் தொட்டவன் விரலை உதறிக்கொண்டான். காயில் கட்டும் கடையைத் தாண்டும்போது வருமே, வார்னிஷ் சூடேறிய அந்த வாடை லேசாக வந்தது.

வேகமான கார் எப்படி மெதுவாகச் சுற்றியது?

கணக்கு எளிது. 70ஐ 22ஆல் வகுத்தால் 3.18. டிடி-02இன் கியர்பாக்ஸுக்குள் இன்னொரு 2.6 மடங்கு குறைப்பு இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 8.27. மோட்டார் 8.27 சுற்றுச் சுற்றினால் டயர் ஒரு சுற்று. டயரின் விட்டம் ஏறக்குறைய 64 மில்லிமீட்டர் என்பதால், மோட்டாரின் ஒவ்வொரு சுற்றுக்கும் கார் 24 மி.மீ. நகரும். 25 பல் போட்டால் 8.27 என்பது 7.28 ஆகிறது, 24 மி.மீ. 27க்கு மேல் போகிறது. பெட்டியோடு வந்த 540 வகை மோட்டார் நிமிடத்துக்கு 15,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 22 கிலோமீட்டர் ஓடிய கார் இப்போது 25 ஓட வேண்டும். காகிதத்தில் ஓடும்.

மோட்டாரின் சுபாவம் காகிதத்தில் இல்லை. இந்த வகை மோட்டார் நின்ற நிலையில்தான் அதிகமாக இழுக்கும். சுற்று ஏற ஏற இழுவை குறைந்துகொண்டே வந்து உச்சச் சுற்றில் ஒன்றுமில்லாமல் போகும். பவர் அதிகம் கிடைப்பது உச்சச் சுற்றில் பாதி அளவில். மூன்று பல் கூட்டியதால், ஒவ்வொரு வளைவிலிருந்தும் காரைக் கிளப்ப மோட்டார் கூடுதல் பாரம் சுமக்கிறது. சுற்று ஏறத் தாமதமாகிறது. அதுவரை கரண்டை வாரி இழுக்கிறது. கரண்ட் ஒன்றரை மடங்கானால் காயிலில் சூடு இரண்டேகால் மடங்கு. விரலை உதறியதற்குக் காரணம் இதுதான்.

மூன்று வினாடியும் வளைவுகளில்தான் போயிருக்கிறது. எங்கள் பார்க்கிங்கில் சுற்றுக்கு ஆறு வளைவு. ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத அரை நொடியில் பத்தில் ஒரு பங்கு போனாலே போதும், பத்துச் சுற்றில் மூன்று வினாடி காலி. நேர்ச்சாலையில் அதை மீட்க இடமே இல்லை. 25 கிலோமீட்டரைத் தொடுவதற்குள் அடுத்த தூண் வந்துவிடும். அந்தக் காலத்தில் பைக்கின் முன் ஸ்ப்ராக்கெட்டில் பல் கூட்டிவிட்டு, பிக்கப் போச்சே என்று புலம்பியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

சரியான கியரைக் கண்டுபிடிக்க என் கண்ணைவிடக் காதைத்தான் நம்புவேன். ஓடுதளத்தின் நீண்ட நேர்ச்சாலை ஓரமாக நின்று மோட்டாரின் சத்தத்தைக் கேளுங்கள். சுருதி ஏறிக்கொண்டே போய், பிரேக் போடும் இடத்துக்குப் பல மீட்டர் முன்பே ஒரே இடத்தில் நின்றுவிட்டால் கியர் சின்னது. பிரேக் போடும் நொடியிலும் சுருதி ஏறிக்கொண்டிருந்தால் பெரிது. இரண்டு கார் நீளத்துக்கு முன் சுருதி நின்றால், அந்தத் தளத்துக்கு அதுதான் கியர். புதியவர்களில் பெரும்பாலோர் பெரிய கியர் போட்டே தோற்கிறார்கள் என்பது என் கட்சி. கடைக்காரர் முதல் நண்பர் வரை எல்லோரும் கேட்பது, "எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்று மட்டும்தானே.

1980களில் இந்த விளையாட்டுக்கு வேறு கணக்கு இருந்தது. 1.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் செல் ஆறு; மொத்தம் 7.2 வோல்ட், 1,200 மில்லி ஆம்பியர்-மணி. ஐந்து நிமிடப் பந்தயத்தில் சராசரியாக 14.4 ஆம்பியருக்கு மேல் இழுத்தால் கடைசிச் சுற்றில் கார் தள்ளாடி நின்றுவிடும். முதலிடத்தில் வந்தவரின் கார் கோட்டுக்கு முன்னால் உயிரை விடுவதைப் பார்ப்பது கொடுமை. எனவே பினியனைத் தேர்ந்தெடுத்தது மோட்டார் அல்ல, பேட்டரி. ஜப்பானின் மசாமி ஹிரோசாகா 1987இல் இங்கிலாந்தின் ரோம்ஸியில் தன் முதல் உலகப் பட்டத்தை வென்றது அந்தக் காலத்தில்தான். பிறகு அவருடைய உலகப் பட்டங்கள் பதினான்காக வளர்ந்தன. த்ராட்டில் விரலில் சிக்கனம் இல்லாதவருக்கு அப்போது பெரிய பினியன் கட்டுப்படியாகாது.

லித்தியம்-பாலிமர் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் வந்தபின் அந்தப் பயம் போய்விட்டது. ஐந்து நிமிடம் ஓடியும் பேட்டரியில் மிச்சம் இருக்கும். இப்போது பயம் சூட்டைப் பற்றி. ஓடி முடித்த கையோடு வெப்பமானியைக் காட்டிப் பார்த்தால் மோட்டார் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 80 என்றால் பினியனைக் கழற்ற வேண்டியதுதான். அதற்கு மேலும் விட்டால் சுழலியின் காந்தம் வலுவிழக்கத் தொடங்கும். வலுவிழந்த காந்தம் ஆறினாலும் முழுதாகத் திரும்பாது.

மோட்டார் வாங்கப் போனால் 21.5, 17.5, 13.5 என்று எண்கள் மிரட்டும். காயில் கட்டுகிறவரிடம் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவார்: கம்பி எத்தனை சுற்று. சுற்று குறைந்தால் தடித்த கம்பி போடலாம், தடை குறையும், மோட்டார் வேகமாகச் சுழலும். ஆனால் ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் இழுவை குறையும். 17.5 மோட்டார் ஒரு வோல்ட்டுக்குச் சுமார் 2,200 சுற்று, 5.5 மோட்டார் சுமார் 6,000. அதனால்தான் தார்ச்சாலைக் கார்களில் முதலாவதற்கு 4ஐ ஒட்டிய விகிதமும், இரண்டாவதற்கு 7க்கு மேலும் போடுகிறார்கள். மோட்டாரை மாற்றிவிட்டுப் பழைய பினியனையே விட்டுவைப்பது, கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை மாற்றிவிட்டுப் பத்திரிகையை அப்படியே கொடுப்பது மாதிரி.

எனக்குப் பிடித்தது 17.5 வகுப்புதான். அதன் விதிப்படி ஸ்பீடு கன்ட்ரோலர் எலெக்ட்ரானிக் முறையில் டைமிங்கை, அதாவது காயிலுக்குக் கரண்ட் போகும் தருணத்தை, முன்னே தள்ளி ஏற்றக் கூடாது. ஏற்றவில்லை என்பதற்கு அடையாளமாக அதன் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். பிளிங்கி என்ற பெயர் அப்படி வந்தது. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மோட்டார் என்றால் மிஞ்சுவது கையும் கியரும். 40 பல் பினியனில் ஒரு பல் கூட்டினால் 2.5 சதவீதம்தான் மாறும். டிடி-02இன் 22இல் அதே ஒரு பல் 4.5 சதவீதம். சன்னப் பல் வாங்குவதன் லாபம் அது. பினியனும் ஸ்பரும் ஒரே பல் அளவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 48 பிட்ச் சக்கரத்தை 64 பிட்ச்சோடு கோத்தால் ஒரே சுற்றில் மாவு அரைத்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு நோட்டுத் தாளை வைத்து அழுத்தி, மோட்டாரின் திருகை முடுக்கி, தாளை உருவினால் இடைவெளி கச்சிதம்.

வளைவே இல்லாத பந்தயமும் உண்டு. 2014இல் அமெரிக்காவின் யூட்டாவில் நிக் கேஸ் என்பவரின் பேட்டரி ரிமோட் கார் மணிக்கு 325.12 கி.மீ. ஓடிக் கின்னஸில் ஏறியது. அங்கே நீண்ட நேர்ச்சாலை மட்டும்தான். பிக்கப்பை யாரும் கேட்பதில்லை.

பையன் 22ஐயே திரும்ப மாட்டினான். இரண்டு நாள் கழித்து, "இருபது பல்லு எங்க மாமா கிடைக்கும்?" என்று கேட்டான். அந்த 25ஐ மட்டும் தூக்கிப் போடவில்லை, ஜியாமெட்ரி பாக்ஸில் பத்திரமாக இருக்கிறது. தீபாவளிக்கு எல்லோரும் காரை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால், பார்க்கிங் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காலியாகக் கிடக்குமாம்.