உயர்வின் கதையாடலில் ஆசையின் மௌனம்: ராஜாஜியின் இளமைக்கால வரலாற்றை முன்வைத்து

1

தலைவர்களின் இளமைப்பருவம் எப்போதும் பின்னாலிருந்துதான் எழுதப்படுகிறது. முடிவு தெரிந்தபிறகே தொடக்கம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. கவர்னர் ஜெனரல் மாளிகையில் போய் முடியப்போகிற கதை என்பதால்தான் ஓர் ஆற்றங்கரைக் கிராமத்துக்கு அந்தக் கதையில் இடம் கிடைக்கிறது. ஆக, 'இளமையும் எழுச்சியும்' என்கிற வகைப் பிரதிகளை வாசிக்கிறபோது அவை எதைச் சொல்கின்றன என்பதோடு, எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கின்றன என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டியிருக்கிறது.

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியின் கதையை நம்மில் பலர் பள்ளிக்கூடத்திலேயே கேட்டுவிட்டோம். 1878 டிசம்பர் 10இல் ஓசூருக்குப் பக்கத்தில், தென்பெண்ணைக் கரையிலுள்ள தொரப்பள்ளியில் பிறப்பு. அப்பா சக்கரவர்த்தி ஐயங்கார் அந்த ஊர் முன்சீப். பிள்ளைக்கு ஐந்து வயதுவாக்கில் குடும்பம் ஓசூருக்குப் பெயர்கிறது; அங்கே பள்ளிப்படிப்பு. பிறகு பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி, சட்டம். 1900இல் சேலத்தில் வக்கீல். 1917இல் சேலம் நகரசபைத் தலைவர். 1937இல் சென்னை மாகாணப் பிரதமர். 1948இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். தொரப்பள்ளி அன்று சேலம் ஜில்லா. 1965இல் தர்மபுரி மாவட்டம் பிரிந்தபோது இதற்குள் வந்தது. 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போனது. அவர் பிறந்த வீடு அரசு நினைவு இல்லமாக இருக்கிறது. தர்மபுரிப் பக்கத்துக்காரர்களுக்கு அவர் 'நம்ம ஊர்க்காரர்'. நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த ஒரு மாவட்ட எல்லை தந்த உறவு இது.

இந்த ஏறுவரிசையில் ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கால் வைக்கிற இடத்தில், வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டது யார் என்பது மட்டும் சொல்லப்படுவதே இல்லை.

2

அமெரிக்காவில் இதே வகைப் பிரதிக்கு ஒரு நீண்ட மரபு இருக்கிறது. மரக்கட்டைக் குடிசையிலிருந்து வெள்ளை மாளிகைக்கு என்பது அதன் சூத்திரம். லிங்கன் வழியாக இந்தச் சூத்திரம் நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. தெருவிளக்கில் படித்தவர், குடிசையில் பிறந்தவர் என்று நம்முடைய உதாரணங்களையும் அதே வரிசையில் அடுக்கிக்கொண்டோம். சூத்திரம் உண்மையாக இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. 1840 தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்குக் குடிசைவாசி என்ற பிம்பம் கட்டப்பட்டது. அவர் பிறந்ததோ வர்ஜீனியாவின் ஒரு பெரிய பண்ணை மாளிகையில். அவருடைய அப்பா சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்.

குடிசை புனைவுதான். ஆனால் அந்தக் கதையாடலில் ஆசை ஒளித்துவைக்கப்படுவதில்லை. 1832இல் இல்லினாய் சட்டசபைக்கு முதன்முறையாக நின்ற 23 வயது லிங்கன், வாக்காளர்களுக்கு எழுதிய அறிக்கையில், எல்லோரையும் போலத் தனக்கும் ஓர் ஆசை உண்டு, சக மனிதர்களின் மதிப்புக்கு உரியவனாவதே அது என்று வெளிப்படையாக எழுதினார். அந்தத் தேர்தலில் தோற்றும் போனார். அவரோடு சேர்ந்து வக்கீல் தொழில் செய்த ஹெர்ண்டன் பிற்பாடு அவருடைய வரலாற்றை எழுதியபோது, லிங்கனின் ஆசையை ஓய்வறியாத ஒரு சின்ன எந்திரத்துக்கு ஒப்பிட்டார். வசவாக அல்ல, அவருடைய இயக்கத்துக்கான விளக்கமாக. அமெரிக்கக் கதையாடலின் பொய் வேறோர் இடத்தில் இருக்கிறது: ஆசை இருந்தால் போதும், யாரும் ஏறிவிடலாம் என்பது. அதே 1832இல் அடிமைகளாக இருந்தவர்கள் எதற்கு ஆசைப்பட்டிருக்கமுடியும் என்று அது கேட்பதில்லை.

நம்முடைய கதையாடல் தலைகீழ். இங்கே ஏற்றம் உண்டு, ஆசை கிடையாது.

3

சொல்லப்போனால் இதற்கு ஒரு மரியாதையான சொல்லே நம் எழுத்துமொழியில் இல்லை. 'பேராசை', 'பதவி ஆசை', 'பதவி மோகம்' எல்லாமே வசவு. 'லட்சியம்' என்றால் தனக்கு வெளியே, தன்னைவிடப் பெரிதான ஏதோவொன்று. பேச்சில் மட்டும்தான் அந்தச் சொல் இருக்கிறது. 'எப்படியாவது முன்னுக்கு வந்துடணும்' என்று எல்லா வீடுகளிலும் சொல்கிறோம். நம் பிள்ளைகளுக்கு நாம் கூச்சமில்லாமல் சொல்கிற இந்த வார்த்தை, தலைவரின் வரலாறு என்கிற எழுத்துக்குள் நுழைய அனுமதி பெறுவதில்லை. அங்கே தலைவர் முன்னுக்கு வரமாட்டார், அழைக்கப்படுவார். பொறுப்பை ஏற்கவேண்டியதாகும். சுமை அவர் தோளில் வைக்கப்படும். எழுவாய் எப்போதும் பிறர். அவர் வெறும் செயப்படுபொருள்.

ராஜாஜியின் கதையில் இன்னொரு நுட்பமும் உண்டு. சின்ன வயதில் அவர் ஜாதகத்தைப் பார்த்த ஜோசியர், அரசனுக்குரிய யோகமும் நாடு கடந்தவனின் கதியும் இவனுக்கு உண்டு என்று சொன்னதாக ஒரு கதை அவருடைய வரலாற்றில் தவறாமல் வந்துவிடும். ஜோசியர் சொன்னாரா இல்லையா என்பது கிடக்கட்டும். பிரதிக்கு அந்த ஜோசியர் ஏன் தேவைப்படுகிறார்? ஒரு தகப்பன் தன் மகனைப் பற்றிக் கண்ட கனவை, ஒரு பையன் தன்னைப் பற்றிக் கண்ட கனவைக் கிரகங்களின் கணக்கில் எழுதிவிடத்தான். ஆசைப்பட்டது சக்கரவர்த்தி ஐயங்காரும் இல்லை, அவர் பையனும் இல்லை. சனியும் வியாழனும் பார்த்துக்கொண்டன!

பிறகு துறவு. 1919இல் நல்ல வருமானமுள்ள சேலத்து வாழ்க்கையை விட்டுச் சென்னைக்குப் போகிறார். அந்த வருஷம் மார்ச்சில் காந்தி சென்னையில் அவர் வீட்டில் தங்குகிறார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறை. 1922 கயா காங்கிரஸில், சட்டசபைக்குள் போகவே கூடாது என்ற அணியின் முன்னணிக் குரல். 1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம். 1930இல் வேதாரண்யம். இதெல்லாம் நடிப்பு என்று எவரும் சொல்லிவிடமுடியாது. சிறையும் ஆஸ்துமாவும் நடிப்பில்லை. ஆனால் விலகல் ஒவ்வொன்றுக்குப் பிறகும் அவர் முன்பிருந்ததைவிட உயரமான இடத்தில் நின்றார் என்பதும் உண்மைதான். சட்டசபையே வேண்டாம் என்றவர் 1937இல் பிரதமரானார். பல்கலைக்கழகத் தொகுதியைச் சத்தியமூர்த்தி விட்டுக்கொடுத்தார். அமைந்த அமைச்சரவையில் சத்தியமூர்த்தி இல்லை. 1952இல் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரஸ் 152இல் மட்டும் ஜெயித்தபோது, எந்தத் தொகுதியிலும் நிற்காத ராஜாஜி மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். துறவுக்கும் அதிகாரத்துக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவை யார் தட்டினார்கள் என்ற வாக்கியத்தைத்தான் வரலாறு எழுத மறுக்கிறது.

4

தொடக்கத்துக்கே போவோம். முன்சீப் மகன் என்று ஒரே சொற்றொடரில் தாண்டிவிடுகிறோமே, அந்த முன்சீப் பதவி என்ன? எங்கள் பக்கத்துப் பேச்சில் மணியக்காரர். வரி வசூல், ஊர்க்காவல், சின்னச் சின்ன வழக்குகளின் தீர்ப்பு. 1816இலேயே கும்பினி அரசு கிராம முன்சீப்புக்குச் சிறுவழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் கொடுத்துவிட்டது. சம்பளம் அற்பம், அதிகாரம் அற்பமல்ல. ஊரில் எழுதத் தெரிந்த கை அது. யார் நிலம் எவ்வளவு, யார் பாக்கி எவ்வளவு என்று அந்தக் கை எழுதியதுதான் அரசாங்கத்துக்கு ஊர். கதையில் இது 'எளிய குடும்பம்' என்று வருகிறது. பணத்தில் எளிமைதான். ஆனால் எழுத்தும் சட்டமும் அரசாங்கமும் ஒரு குழந்தைக்கு வீட்டுத் திண்ணையிலேயே அறிமுகமாகிவிடுவது எந்தக் கணக்கில் எளிமை?

இதைவிட முக்கியமான ஒன்று. இந்தப் பதவிகள் பெரும்பாலும் வாரிசுரிமையாகவே போய்க்கொண்டிருந்தன. 1895இன் மதராஸ் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் அந்த வழக்கத்தையே சட்டத்தின் மொழியில் எழுதிவைத்தது. ஆக, 'குலத்தொழில்' என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் சட்டரீதியாகவே ஒரு பொருள் இருந்ததென்றால், அது மணியக்காரர் வேலைக்கும் கர்ணம் வேலைக்கும் இருந்தது.

அந்த அப்பா என்ன செய்தார்? மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டியைத் திண்ணையில் உட்காரவைத்துக் கணக்கெழுதப் பழக்கவில்லை. ஓசூருக்கு, அங்கிருந்து பெங்களூருக்கு, அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார். ஒவ்வோர் ஊரும் இங்கிலீஷுக்கும் கோர்ட்டுக்கும் இன்னும் கொஞ்சம் பக்கம். முழுநேரப் படிப்பு. அப்பன் தொழில் மகனுக்கு வேண்டாம் என்ற திடமான முடிவு இது. முன்னுக்கு வரணும் என்ற ஆசை, சுத்தமான ஆசை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வரலாறு வெட்கப்படுகிறது. அதனால் இதைக் 'கல்வியில் நாட்டம்' என்று மாற்றி எழுதுகிறது.

சேலத்து வருஷங்களும் இப்படியே சுருங்கிப்போகின்றன. பதினேழு, பதினெட்டு வருஷம் ஒருவர் ஒரு ஜில்லாத் தலைநகரில் கோர்ட்டில் வாதாடுகிறார், நகரசபைக்குள் நுழைகிறார், அதன் தலைவராகிறார், தமிழில் அறிவியல் கலைச்சொற்கள் உண்டாக்க 1916இல் சங்கம் அமைக்கிறார். அரசியல் என்கிற தொழிலை அவர் கற்றுக்கொண்டது இங்கேதான். பக்கத்து ஈரோட்டிலும் நகரசபைத் தலைவராக இருந்த ஒருவர், ஈ.வெ.ரா., கிட்டத்தட்ட அதே காலத்தில் காங்கிரஸுக்கு வந்தார். இரண்டு பேருடைய கதையிலும் நகரசபை வெறும் முன்னுரை. குழாய்த் தண்ணீர், வரி, ஓட்டு, கட்சி கட்டுவது, பகைவனைச் சமாளிப்பது என்று ஏணி இருந்த இடம் அது. ஏணியை எடுத்துவிட்டால் மிச்சம், கீழே ஒரு கிராமமும் மேலே ஒரு மாளிகையும். நடுவில் இருப்பது அதிசயம்.

5

இதெல்லாம் வெறும் வரலாற்றெழுதியல் சமாச்சாரம் என்றால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டேன். தன் கதையில் ஆசைக்கு இடமில்லாத ஒருவர் அதிகாரத்தில் உட்காரும்போது மற்றவர்களின் ஆசையை எப்படி வாசிப்பார் என்பதுதான் என் கேள்வி. அதற்கான பிரதி 1953இல் கிடைக்கிறது.

அந்த வருஷம் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த மாற்றப்பட்ட ஆரம்பக் கல்வித் திட்டம், கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கானது. குழந்தைகள் இரண்டு பிரிவாகப் பிரிந்து தினம் மூன்று மணிநேரம் மட்டும் பள்ளிக்கு வரவேண்டும். மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும். ராஜாஜியின் பக்கத்து நியாயங்களையும் சொல்லவேண்டும். பணம் இல்லை, கட்டடமும் வாத்தியாரும் போதாது, இருக்கிறதை வைத்து இரண்டு மடங்கு குழந்தைகளைச் சேர்க்கலாம் என்றார். உடலுழைப்புக்கு மரியாதை என்ற காந்தியச் சிந்தனையும் அதில் கலந்திருந்தது. எதிர்த்தவர்கள் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது.

'நீங்க உங்க அப்பா தொழிலையா செஞ்சீங்க?' என்று கேட்டுவிடுவது சுலபம். அதற்கு 'இரட்டை வேடம்' என்று பதில் சொல்லிவிட்டால் வேலை இன்னும் சுலபமாக முடிந்துவிடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேடமாக இருந்திருந்தால், பின்வாங்கத் தெரிந்த அந்தக் கெட்டிக்காரர் பதவியே போகுமளவுக்கு இதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கமாட்டார். அவர் உண்மையாகவே நம்பினார். தான் தொரப்பள்ளியை விட்டுப் போனதைத் தன் அப்பாவின் ஆசையாகவோ, தன் ஆசையாகவோ அவர் வாசித்ததே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அது விதி, தகுதி, தேசத்தின் அழைப்பு. எனவே வண்ணார் வீட்டுப் பிள்ளையும் சக்கிலியர் வீட்டுப் பிள்ளையும் போகத் துடித்தபோது, தன் அப்பாவிடம் இருந்த அதே துடிப்பு இது என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கிராமத்தின் ஒழுங்கு கலைவதாகத் தெரிந்தது.

இவர் சாதிக்குள்ளேயே முடங்கியவரும் அல்ல. 1933இல் தன் மகளைக் காந்தியின் மகனுக்குக் கட்டிக்கொடுத்தவர். 1939இல் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தவர். கோவிலுக்குள் போகலாம், கல்யாணம் கட்டலாம். தடை வந்தது ஆசைப்படுவதில். மது குடிக்காதே என்று 1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியவர், தர்மபுரி, ஓசூர்ப் பக்கத்து ஏழைகளின் நலனை உண்மையாகவே விரும்பியவர்தான். நலனை விரும்புவது வேறு, அவர்கள் விரும்புவதை விரும்புவது வேறு. முதலாவதில் எழுவாய் தலைவர். இரண்டாவதில் எழுவாய் அவர்கள்.

6

ஆசையை மறைத்து எழுதப்படும் வரலாறு தலைவரைப் பெரியவராக்குகிறது என்று நினைக்கிறோம். அது வாசிக்கிறவனைச் சிறியவனாக்குகிறது. அவர் அழைக்கப்பட்டார், உன்னை யாரும் அழைக்கவில்லை, ஆகவே நீ இருக்கிற இடத்தில் இரு என்பதே அந்தப் பிரதி மௌனமாகச் சொல்லும் செய்தி. லிங்கனின் கதை 'நீயும் ஏறலாம்' என்று பொய் சொல்கிறது. நம்முடைய கதை 'ஏற நினைப்பதே தப்பு' என்று பொய் சொல்கிறது. இரண்டு பொய்யில் எது அதிகச் சேதம் பண்ணியது என்று எங்கள் மாவட்டத்து முதல் தலைமுறைப் படிப்பாளிகளைத்தான் கேட்கவேண்டும்.

பரம்பரைக் கிராமப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. மணியக்காரரும் கர்ணமும் போய் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இன்று அந்த வேலைக்குத் தேர்வாணையத்தின் போட்டித் தேர்வு. சக்கரவர்த்தி ஐயங்கார் தன் பையனுக்கு வேண்டாம் என்று விட்டுவந்த அதே திண்ணைக்கு, கல் உடைக்கிறவர் மகளும் தோல் வேலை செய்கிறவர் மகனும் விண்ணப்பம் போடுகிறார்கள். 'வி.ஏ.ஓ. ஆகணும், அப்புறம் குரூப் ஒன் எழுதணும்' என்று ஜோசியரைத் துணைக்கு அழைக்காமல், எந்தத் துறவும் பூணாமல் சொல்கிறார்கள். எழுவாய் நான், வினை ஆகணும். நம் வரலாறுகள் எழுதத் தெரியாமல் விட்ட வாக்கியம் இதுதான்.