அமுக்குவானும் கூடுவிட்டுக் கூடுபாய்தலும்: திறனாய்வு நெறி பற்றிய ஒரு சிந்தனை

திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், குற்றாலநாதரின் பவனி கண்டு மெலிந்த வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறத்தி குறி சொல்லும் பகுதி உண்டு. அவள் தெய்வங்களையெல்லாம் வேண்டி வாழ்த்துகின்றாள். எனினும் நோயைத் தெய்வத்தின்மேல் ஏற்றிவிடவில்லை. தலைவியின் உடலில் தோன்றும் வெம்மைக்கும் மயக்கத்திற்கும் காதலே காரணம் என்று தெளிந்து உரைக்கின்றாள். உடலின் குறி ஒன்று; அதன் காரணம் பிறிதொன்று; இரண்டையும் இணைக்கும் இடத்திலேயே குறி சொல்வோரின் திறம் விளங்கும். இலக்கியத் திறனாய்வாளனுக்கும் இதுவே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இக்கருத்தை ஆராய்தற்கு எடுத்துக்கொண்ட பொருள் சற்று அரியதாகத் தோன்றலாம். நள்ளிரவிலோ விடியற்போதிலோ துயில் கலைகின்றது, கண் திறக்கின்றது, அறையும் சுவரும் தெரிகின்றன. ஆயினும் கையைக் காலை அசைக்க இயலவில்லை, குரல் எழவில்லை. மார்பின்மேல் எதுவோ ஏறி அமர்ந்து அழுத்துவது போன்ற உணர்ச்சியும், அறையில் யாரோ நிற்கின்றார் என்னும் அச்சமும் தோன்றுகின்றன. சிலர்க்கு இதன் முடிவில், தாம் உடலினின்றும் எழுந்து மேலே மிதந்து, கீழே கிடக்கும் தம் உடலையே காண்பது போன்ற காட்சியும் உண்டாகின்றது. இதனைத் தமிழ் மக்கள் ‘அமுக்குவான் பேய்’ என்றும் ‘அமுக்குப் பேய்’ என்றும் வழங்குவர். தலைமாட்டில் இரும்பு வைப்பதும் நெற்றியில் திருநீறு இடுவதும் இதற்குச் செய்யும் காப்புகள்.

மேனாட்டு ஆய்வாளர் இதற்குக் கூறும் விளக்கம் இன்று நன்கு நிலைபெற்றுவிட்டது. உறக்கத்தின் ஒரு பகுதியில் கண்கள் இமைக்குள் விரைந்து அசைகின்றன என்பதனை 1953ஆம் ஆண்டில் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் வெளியிட்டனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்பகுதியிலேயே தோன்றுகின்றன. அவ்வேளையில் உடலின் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கின்றன என்பதனை 1959இல் பிரான்சு நாட்டு மிஷேல் ழுவே பூனைகளிடம் ஆராய்ந்து காட்டினார். கனவில் ஓடுகின்றவன் படுக்கையில் ஓடாதிருத்தற்கு இத்தளர்ச்சியே காரணம். உணர்வு விழித்த பின்னரும் தளர்ச்சி நீங்காது சில நொடிகளோ சில நிமிடங்களோ நின்றுவிடின், அதுவே உறக்க முடக்கம். கனவின் உருவங்கள் விழித்த கண்முன் கலந்து தோன்றுவதும் இதனாலேயாம். போதிய உறக்கமின்மை, காலம் மாறிய உறக்கம், மனக்கவலை, மல்லாந்து படுத்தல் ஆகியவை இதனை மிகுவிக்கின்றன. 2011இல் ஷார்ப்லெசும் பார்பரும் முப்பத்தைந்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொதுமக்களுள் 7.6 விழுக்காட்டினரும் மாணவருள் 28.3 விழுக்காட்டினரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதனை அடைந்திருந்தனர் என்று தெரிந்தது. ஆகலின் இஃது அரிய நோயும் அன்று; பித்தின் அறிகுறியும் அன்று.

உடல்நீங்கு காட்சிக்கும் ஒருவகை விளக்கம் கிடைத்துள்ளது. 2002ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஓலாஃப் பிளாங்கேயும் அவர்தம் துணைவரும், வலிப்பு நோயுற்ற ஒரு பெண்மணியின் மூளையில் வலப்புறத்து ஓரிடத்தை மின்னோட்டத்தால் தூண்டினர். தாம் மேலே மிதந்து, படுக்கையிற் கிடக்கும் தம் உடலைக் காண்பதாக அவர் உரைத்தார். உடல் இருக்கும் நிலையைக் குறித்துப் புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒன்றுசேர்க்கும் இடத்தில் பிறழ்ச்சி நேரின், ‘நான் இங்கே இருக்கின்றேன்’ என்னும் உணர்ச்சியும் பிறழும் என்பது இதனாற் புலனாகின்றது. உறக்க முடக்கத்தில் மிதத்தலும் பறத்தலும் நிகழ்வதற்கும் இதனையொத்த காரணம் இருத்தல் கூடும் என்பர்.

இனி, இவ்வறிவைக் கொண்டு தமிழ் நூல்களை அணுகுங்கால் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. ஒன்று, அருளாளர் வரலாறுகளில் உடல்நீங்குதல் வருமிடமெல்லாம் உறக்க முடக்கமே என்று ஒரே சொல்லால் முடித்துவிடுதல். மற்றொன்று, இன்றைய மூளை நூல் கூறுவன அனைத்தும் நம் முன்னோர் முன்னரே கண்டன என்று பெருமை பேசுதல். முன்னது நூலின் பொருளை அழிக்கும். பின்னது நூலின் பொருளைத் திரிக்கும். இரண்டும் நூலைப் படியாமையின் பயனே.

முதற்பிழைக்குச் சான்றாகத் திருமூலர் வரலாற்றைக் காண்போம். சேக்கிழார் உரைக்கும்படி, கயிலையினின்றும் வந்த யோகியார் ஒருவர் திருவாவடுதுறையை அடுத்துச் சாத்தனூர் இடையன் மூலன் இறந்து கிடப்பதனையும், அவன் மேய்த்த பசுக்கள் அவனைச் சூழ்ந்து கதறுவதனையும் காண்கின்றார். பசுக்களின் துயர் நீக்கவே தம் உடலைக் காவலான இடத்தில் வைத்து, மூலன் உடலிற் புகுகின்றார். பசுக்களை ஊரிற் சேர்த்து மீள்கின்றவர் தம் பழைய உடலைக் காணாராகின்றார். இவ்வரலாற்றை உறக்க முடக்கத்தோடு ஒப்பிட்டு நோக்குக. முடக்கத்தில் செயலின்மை, இங்கே செயல். முடக்கத்தில் தன் உயிர் பற்றிய அச்சம்; இங்கே பிற உயிர் மேல் இரக்கம். முடக்கத்தில் நிகழ்ச்சி தானே வந்து தானே நீங்கும். இங்கே விரும்பி மேற்கொள்ளப்படுகின்றது. முடக்கமுற்றவன் தன் உடலுக்கே மீள்கின்றான். திருமூலர்க்கோ மீளுதற்கு உடல் இல்லை. ஆகமப் பொருளைத் தமிழில் வகுத்தற்கு இறைவன் திருவுள்ளம் கொண்டான் என்பதே அவ்விழப்பிற்குப் புராணம் தரும் பொருள். எனவே இது நிகழ்ச்சிக் குறிப்பன்று. ஒரு நூல் தோன்றிய காரணத்தைக் கூறும் வரலாறு. இதனை மருத்துவ ஏடு போலப் படிப்பது, குறிஞ்சிப்பாட்டைப் பூக்களின் பட்டியலாகப் படிப்பதனை ஒக்கும்.

இரமண மகரிஷியின் இளமை நிகழ்ச்சி இதனினும் நுட்பமானது. அண்மைக் காலத்தது ஆகலின் சான்று உடையது. 1896ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மதுரையில் சிற்றப்பனார் இல்லத்து மாடியறையில், பதினாறு வயதினராகிய அவரைத் திடீரென்று இறப்பச்சம் பற்றியது. கைகால்களை நீட்டி விறைப்பாக்கி, வாயை மூடிப் பிணம் போலக் கிடந்து, ‘இறப்பது எது?’ என்று தம்முள் வினாவினார் என்று வரலாறு கூறும். பி. வி. நரசிம்மசுவாமி 1931இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வரலாற்று நூலில் இது விரிவாக இடம்பெற்றுள்ளது. அசைவின்மை, இறப்பச்சம், உடல் வேறு தான் வேறு என்னும் உணர்வு என மூன்றும் உறக்க முடக்கத்தோடு ஒத்துத் தோன்றுதலின், அதுவே இது என்பாரும் உளர். அற்றன்று. உறக்கத்தினின்றும் எழுந்தபோது நிகழ்ந்ததாக வரலாறு கூறவில்லை; விறைப்பு தாமே மேற்கொண்டது; மேலிருந்து தம் உடலைக் கண்டதாகவும் அதிற் குறிப்பில்லை. அச்சத்தினின்றும் ஓடாது அதனையே வினாவாக மாற்றியதன்றோ அங்கு நிகழ்ந்தது? ஒப்புமை மூன்று கண்டு வேற்றுமை மூன்றை விடுதல் ஆராய்ச்சி ஆகாது. வேற்றுமையைக் கூறுவதால் அந்நிகழ்ச்சியின் மெய்ப்பொருளை நாம் நிறுவிவிட்டோம் என்பதும் இல்லை. அது நம் துறையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நூல் கூறுவது இது, கூறாதது இது என்று வரையறுத்தலே நம் கடன்.

இரண்டாம் பிழையைக் காண்போம். சைவ சித்தாந்தம் உயிரின் நிலைகளை நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என ஐந்தாக வகுக்கும். சிவஞானபோதத்தின் நான்காம் நூற்பா இவ்வைந்து நிலைகளையும் சுட்டுகின்றது. சாத்திரம் கற்றோர் நனவில் முப்பத்தைந்து கருவிகளும், கனவில் இருபத்தைந்தும், உறக்கத்தில் மூன்றும், பேருறக்கத்தில் இரண்டும், உயிர்ப்படங்கலில் ஒன்றும் தொழிற்படும் என்பர். நனவினின்றும் கனவிற்குச் செல்லுங்கால் நீங்கும் பத்தாவன ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்துமாம். கனவில் கையும் காலும் தொழிலற்று நிற்கும் என்னும் உண்மை இவ்வகுப்பில் அமைந்துள்ளது. இதன் மொழியிற் கூறின், ஞானேந்திரியங்கள் மீண்ட பின்னும் கன்மேந்திரியங்கள் மீளாத இடைநிலையே அமுக்குவான் எனலாம்.

ஆயினும் இவ்விளக்கம் நாம் செய்துகொண்ட ஒப்பீடேயன்றிச் சாத்திரத்தின் கூற்றன்று. சாத்திரத்தின் நோக்கம் தசைத்தளர்ச்சியை விளக்குவதன்று. கருவிகள் கூடியும் குறைந்தும் நிற்ப, அவற்றின் வேறாய் உயிர் உண்டு என நிறுவுவதே. பொருளை நோக்கத்தினின்றும் பிரித்தெடுத்து, ‘முன்னரே அறிந்தனர்’ என்பது அந்நூலாசிரியர்க்குச் செய்யும் பெருமை ஆகாது. இந்த வகுப்பு நமக்குத் தரும் பயன் வேறு: விழிப்பும் உறக்கமும் ஒரே கதவின் திறப்பும் மூடலும் போல்வன அல்ல, பல கருவிகள் ஒவ்வொன்றாக நீங்கியும் மீண்டும் அமைவன என்று எண்ணுதற்கு அது நம்மைப் பழக்குகின்றது.

தொல்காப்பியத்திலும் இவ்வாறே ஒரு பொருத்தம் காணலாம். மெய்ப்பாட்டியல் துஞ்சலையும் அரற்றையும் கனவையும் வெருவுதலையும் மெய்ப்பாடுகளுள் வைத்து எண்ணுகின்றது. அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக வருத்தும் தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், சினந்த அரசன் என நான்கினை வகுக்கின்றது. உறக்க முடக்கமுற்றோர் அறையில் நிற்பதாகக் கூறும் உருவங்களும் பெரும்பாலும் பேய், விலங்கு, அயலான் என்றே அமைகின்றன. இதனைத் தொல்காப்பியர் அந்நிலையை அறிந்திருந்தார் என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது. காரணம் அறியாத அச்சத்திற்கு மனம் உருவம் படைக்குங்கால், தான் பயின்ற அச்சங்களினின்றே அதனைப் படைக்கும் என்பதற்கு மட்டும் இது துணையாகும். சப்பானியர் இதனை உலோகத்தாற் பிணிப்புண்ட நிலை என்னும் பொருள்படக் ‘கனஷிபாரி’ என்பர். நியூபவுண்ட்லாந்து மக்கள் மார்பில் ஏறும் கிழவி என்பர். தமிழர் அமுக்குவான் என்பர். அந்நியூபவுண்ட்லாந்துக் கிழவியை ஆராய்ந்து 1982இல் நூல் வெளியிட்ட டேவிட் ஹஃபோர்டு, பட்டறிவு முன்னது, கதை பின்னது என்னும் முடிவிற்கு வந்தார். கதையைக் கேட்டதனால் மட்டும் இவ்வுணர்ச்சி வருவதில்லை. கதை கேளாதாரும் இதனை ஒரே வகையாகக் கூறுகின்றனர். நாட்டார் வழக்காற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய முடிவு இது. மக்கள் உணர்ந்தது பொய்யன்று. உணர்ந்ததற்கு அவர் கூறிய காரணமே ஆராயத்தக்கது.

குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், கவிதையின் உணர்ச்சியை முதற்கண் நுகர்தல் வேண்டும் என்று தமிழர்க்குக் கற்பித்தவர். அந்நெறி இங்கும் பொருந்தும். திருநெல்வேலியில் வளர்ந்த புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘காஞ்சனை’ உறக்கம் வாராத ஓர் எழுத்தாளனின் இரவில் தொடங்குகின்றது. எங்கிருந்து வருகின்றது என்று அறியமுடியாத நாற்றமும் மணமும் அவனைச் சூழ்கின்றன. கண்டது கனவோ நனவோ என்னும் ஐயத்தை ஆசிரியர் தீர்த்துவைக்கவில்லை. இக்கதையை உறக்க முடக்கத்தின் விளக்கமாக்கி ஐயத்தைத் தீர்த்துவிட்டால், கதையின் உயிர் போய்விடும். மருத்துவ அறிவு இங்கே பயன்படுவது, அவ்வச்சம் வெறுங்கற்பனை அன்று, மாந்தர் உடலிலே வேர் கொண்டது என்பதனை உணர்த்தும் அளவிலேதான்.

நம் இலக்கிய மரபே இவ்வெச்சரிக்கையை நமக்கு வழங்கியுள்ளது. அகப்பாடல்களில் மகளின் மெலிவு கண்ட தாய் வேலனை அழைக்கின்றாள், அவன் கழங்கிட்டு, முருகனால் வந்தது என்கின்றான், வெறியாட்டு நிகழ்கின்றது. தோழியோ அறத்தொடு நின்று உண்மைக் காரணத்தை வெளிப்படுத்துகின்றாள். வேலன் தெய்வத்தை நம்பியது அவன் பிழையன்று. தலைவியைக் கேளாமல் காரணம் கூறியதே பிழை. தெய்வத்தின் இடத்தில் மூளையை வைத்துவிட்டு, நூலைக் கேளாமல் காரணம் கூறும் திறனாய்வாளனும் புதிய வேலனே ஆவான். நோயையும் அதன் காரணத்தையும் அது தணியும் வழியையும் முறையே நாடுக என்று வள்ளுவர் 948ஆம் குறளில் கூறிய ஒழுங்கு இருசாரார்க்கும் உரியது.

இஃது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. மாணவருள் நால்வருள் ஒருவர்க்கு மேல் இந்நிலையை ஒருமுறையேனும் அறிந்தவராயின், இவ்விதழைப் படிப்போருள்ளும் அத்தகையோர் இருத்தல் திண்ணம். தேர்வுக்காக இரவு முழுதும் விழித்து, விடியலில் மல்லாந்து துயின்று, மார்பில் பாரத்தோடு விழித்த மாணவர் ஒருவர் அதனை எவரிடமும் கூறாது அஞ்சியிருத்தல் கூடும். பேய் பிடித்ததென்று கூறி அவரை அலைக்கழிப்பதும், எல்லாம் பொய் என்று நகைப்பதும் ஒரே கொடுமையின் இருபக்கங்களாம். அவர்க்கு வேண்டுவது, நீ உணர்ந்தது மெய், அதன் காரணம் இது, சிறிது பொழுதில் நீங்கும் என்னும் சொல்லே. அடிக்கடி வருமாயின் மருத்துவரின் துணையுமாம். குற்றாலத்துக் குறத்தி வசந்தவல்லிக்குச் செய்ததும் இதுவன்றோ? அவள் கையைப் பற்றினாள், முகத்தை நோக்கினாள், அதன் பின்னரே காரணம் கூறினாள். நூலைப் பற்றி, நோக்கி, அதன் பின்னரே காரணம் கூறும் பழக்கம் நம் ஆராய்ச்சியிலும் நிலைபெறுமாக.