கடலுக்குப் போகும் போன்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து சாலை பஜார் வரை எந்த போன் கடைக்குள் நுழைந்தாலும் பேச்சு ஒன்றுதான்: கேமரா எத்தனை மெகாபிக்சல், ராம் எத்தனை ஜிபி, எத்தனை நிமிடத்தில் சார்ஜ் ஏறும். வாங்கப்போவது யார் என்று யாரும் கேட்பதில்லை. விழிஞ்ஞத்தில் வள்ளம் இறக்குகிறவருக்கும் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் கணினி முன் உட்காருகிறவருக்கும் ஒரே மதிப்பெண் பட்டியலை நீட்டினால், ஒருவருக்காவது பணம் வீண்.

மீனவரையே முதலில் எடுத்துக்கொள்வோம். அவர் போன் பெரும்பாலும் பிளாஸ்டிக் உறைக்குள் கழுத்தில் தொங்கும். விரலின் மின்னூட்டத்தை உணர்ந்துதான் தொடுதிரை வேலை செய்கிறது. உப்புநீரும் மின்சாரம் கடத்தும். எனவே நனைந்த திரை துளியையும் விரலையும் பிரித்தறியாமல் திணறும். பெட்டியில் அச்சடித்திருக்கும் ஐபி68 முத்திரையைக் காட்டிக் கடைக்காரர் தைரியம் சொல்வார். அது நன்னீரில், ஆய்வகத்தில் வாங்கிய சான்று. உப்பு சார்ஜ் துவாரத்தை அரித்துவிட்டால் வாரண்டி பெரும்பாலும் கைகொடுக்காது. பட்டன் போனை இன்னும் பலர் கைவிடாமல் இருப்பதில் பழமைப் பிடிப்பு எதுவும் இல்லை: ஈரக் கையால் அழுத்தலாம், சார்ஜ் நாள்கணக்கில் நிற்கும்.

பெரிய ஏமாற்றம் ‘நாவிக்’ என்ற சொல்லில் இருக்கிறது. நம் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பு அது. 2020இல் வந்த ரியல்மி 6 ப்ரோவில் இருந்தது, 2023இல் ஐபோன் 15 ப்ரோவுக்கும் வந்தது. இதைக் கேட்டதும் ‘நடுக்கடலில் கைகொடுக்கும் போன்’ என்று நினைப்பது இயல்பு. ஆனால் போனில் உள்ள நாவிக், ஜிபிஎஸ் போலவே இருக்குமிடத்தை மட்டும் கணக்கிடும். அதற்கு டவர் வேண்டியதில்லை. வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்திருந்தால் போதும். தான் எங்கே இருக்கிறோம் என்பது மீனவருக்குத் தெரிந்துவிடும். கரைக்குத்தான் தெரியாது.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் இந்த இடைவெளியைக் கொடூரமாகக் காட்டியது. எச்சரிக்கை வந்தபோது பூந்துறை, விழிஞ்ஞம், குமரி மாவட்டத்துத் தூத்தூர் பகுதிப் படகுகள் பலவும் டவர் எட்டாத தூரத்துக்குப் போயிருந்தன. கேரளம், தமிழ்நாடு இரண்டிலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அன்று அவர்கள் கையில் எவ்வளவு விலை உயர்ந்த போன் இருந்திருந்தாலும் பயன் இருந்திராது. ஐபோன் 14 முதல் வந்த செயற்கைக்கோள் அவசர அழைப்பு இதை எழுதும்வரை இந்தியாவில் கிடையாது. தூரையா, இரிடியம் வகை சாட்டிலைட் போன்களை அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம்.

ஆகவே மீனவருக்கு என் தீர்ப்பு: போனில் மிச்சம் பிடித்து, வேறு கருவியில் போடுங்கள். இஸ்ரோ 2024 ஜனவரியில் இரண்டாம் தலைமுறை அபாய அறிவிப்புக் கருவியை வெளியிட்டது. ஆபத்துச் செய்தி செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்கும், அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு மையங்களுக்கும் போகும். கிடைத்தது என்ற பதிலும் படகுக்குத் திரும்பி வரும். புளூடூத் வழியாகப் போனோடு இணைத்துத் தாய்மொழியிலேயே செய்தியைப் படிக்கலாம். அந்த இடத்தில் போன் ஒரு திரை, அவ்வளவுதான். பெரிய பேட்டரியும் வெயிலில் படிக்கும் வெளிச்சமும் இருந்தால் பத்தாயிரம் ரூபாய்ப் போனே தாராளம். விளம்பரத்தில் வரும் உச்ச ‘நிட்ஸ்’ எண்ணை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் திரையின் சிறு பகுதிக்குச் சொல்லப்படுவது. கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிடலாம்.

டெக்னோபார்க் ஊழியருக்கான கணக்கு எளிது: விலையை மென்பொருள் ஆதரவு ஆண்டுகளால் வகுக்க வேண்டும். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 இரண்டுக்கும் ஏழு ஆண்டு ஆதரவு உண்டு. கேலக்ஸி ஏ16 5ஜி போன்ற மலிவு போனுக்கே ஆறு ஆண்டு வாக்குறுதி கிடைக்கும்போது, இரண்டே ஆண்டில் கைவிடப்படும் போன் எந்த விலையிலும் மலிவில்லை. கூடுதல் காசு கேமராவுக்கும் வேகத்துக்கும்தான். அவை வேண்டாதவர் ஏ16 போன்ற ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதியோர் விஷயத்தில் என் அளவுகோல் வேறு. வெஞ்ஞாறமூட்டை அடுத்த புல்லம்பாற 2022இல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. கேரளம் முழுவதற்கும் அதே அறிவிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. புல்லம்பாறயில் முதியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. ஆகவே பாட்டிக்கு வாங்கும்போது பேத்தி வைத்திருக்கும் அதே கம்பெனியின் போனையே வாங்குவது மேல். ‘மேலே இருந்து இழுங்க, வலப்பக்கம் இரண்டாவது’ என்று துபாயிலிருந்து சொன்னாலும் அதே இடத்தில் அதே பொத்தான் இருக்கும். மகன் கழித்துக் கட்டிய பழைய போனை அம்மாவுக்குக் கொண்டுவரும் வளைகுடா வழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் செட்டிங்ஸில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எப்போது வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அதில் வங்கிக் கணக்கை இணைக்காமல், வீடியோ அழைப்புக்கு மட்டும் கொடுங்கள்.