நிறங்களுக்கு அடியில் ஒரு புகைப்படம்

1962 ஆகஸ்டில் மர்லின் மன்றோ இறந்ததும், ‘நயாகரா’ படத்தின் விளம்பரத்துக்காக எடுத்த ஸ்டில் ஒன்றைக் கையிலெடுத்தார் பாப் கலைஞர் ஆண்டி வார்ஹோல். அதே முகத்தைப் பட்டுத்திரை அச்சில் ஐம்பது முறை பதித்தார். இடப்பாதியில் கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் ஆரஞ்சும். வலப்பாதியில் வெறும் கறுப்பு மை, ஓரிடத்தில் அப்பிக்கொண்டு, ஓரத்துக்குப் போகப் போக வெளிறிவிடுகிறது.

விளம்பரத்தையும் கடைப் பொருளையும் கலையாக்கிய பாப் கலையை விமர்சகர்கள் உடனே ஏற்றுவிடவில்லை. அது பாமரத்தனத்தின் படையெடுப்பு என்று 1962இலேயே மாக்ஸ் கோஸ்லாஃப் சாடினார். 1964இல் கடையின் பிரில்லோ சோப்புப் பெட்டிகளைப் போலவே வார்ஹோல் செய்த பெட்டிகளைப் பார்த்த ஆர்தர் டான்டோவோ, கடைப் பொருளையும் கலைப் பொருளையும் பிரிப்பது எது என்ற தத்துவக் கேள்விக்குள் இறங்கினார். புகழை விற்றுப் பிழைத்த ஆள் என்றே வார்ஹோலை 1982இல் ராபர்ட் ஹியூஸ் எடைபோட்டார். எனக்கு நெருக்கமானவர் தாமஸ் குரோ. 1987இல் அவர் எழுதிய கட்டுரை, மர்லின் வரிசையில் துக்கம் இருப்பதைக் காட்டியது. வெளிறும் அந்த முகங்களைப் பார்க்கும்போது அவர் பக்கமே சாய்கிறேன்.

ஆனால் ஏசியவர்களும் ஏத்தியவர்களும் பெரும்பாலும் வார்ஹோலைப் பற்றியே பேசினார்கள். அடியில் இருந்த புகைப்படத்தை எடுத்தவரைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

அந்தப் பேச்சை எழுப்பியது நீதிமன்றம். 1981இல் பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் தன் ஸ்டூடியோவில் படமெடுத்தார். அவரே பிரின்ஸின் கண்ணிமைக்கு மையும் உதட்டுக்குப் பளபளப்பும் பூசிவிட்டார். விழிகளில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெறிக்கும்படி விளக்குக் குடைகளை நிறுத்தினார். 1984இல் ‘வானிட்டி ஃபேர்’ இதழ் அந்தப் படத்தை ஓவியர் ஒருவருக்கு மாதிரியாக, ஒரேயொரு முறைக்கு மட்டும், 400 டாலருக்கு வாங்கியது. வரைந்தவர் வார்ஹோல். அதைக் கொண்டு பதினாறு படைப்புகளை உருவாக்கினார். 2016இல் பிரின்ஸ் இறந்தபோது அவற்றில் ஒன்று இதழ் அட்டையில் வந்தது. வார்ஹோல் அறக்கட்டளைக்கு 10,000 டாலர் கிடைத்தது. கோல்ட்ஸ்மித்துக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை.

விவகாரம் பதிப்புரிமை வழக்கானது. எளிதில் காயப்படக்கூடிய, சங்கடத்தில் நெளியும் மனிதரை வார்ஹோல் பேருருவாக மாற்றிவிட்டார் என்று 2019இல் அமெரிக்கக் கீழ் நீதிமன்றம் அறக்கட்டளைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி கலை விமர்சகர் வேலையைப் பார்க்கக் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கோல்ட்ஸ்மித் பக்கம் நின்றது. கோல்ட்ஸ்மித்தின் படம், வார்ஹோலின் படம் இரண்டுமே பிரின்ஸைப் பற்றிய கட்டுரைக்கு இதழ்கள் வாங்கும் உருவப்படங்கள்தாம், பயன்பாடு ஒன்றே என்றார் நீதிபதி சோட்டோமேயர். மறுப்புத் தீர்ப்பில் நீதிபதி கேகன், வெலாஸ்கெஸ் வரைந்த போப்பின் உருவப்படத்தை பிரான்சிஸ் பேகன் மறுபடி வரைந்ததைக் காட்டி, கலை எப்போதும் முன்னோர் கையிலிருந்து வாங்கியே வளர்ந்தது என்று வாதிட்டார்.

கேகனின் கலை வரலாறு சரியானது. வார்ஹோல் செய்த மாற்றமும் மெய்யானது. என்றாலும் அந்த விழிகளின் வெளிச்சம் கோல்ட்ஸ்மித்தின் வேலை. பிரின்ஸ் வரிசையைப் பற்றி எழுதும் விமர்சகர் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும். மர்லினுக்கும் அப்படியே. அந்த ஸ்டில்லை எடுத்தவர் பெயர் ஜீன் கோர்மன்.