மேசையில் மடங்கிய முழங்கால்

முழங்காலில் செயற்கை மூட்டைப் பொருத்தி உள்தையல் போட்டு முடிந்ததும், வைத்திய நிபுணர்கள் பலர் ஒரு காரியம் செய்வார்கள். தொடையைத் தூக்கிப் பிடித்துக் காலை விட்டுவிடுவார்கள். தன் பாரத்திலேயே அது மடங்கும். எத்தனை பாகை மடங்குகிறது என்று பார்த்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்த இயன்மருத்துவருக்கு அந்தக் காலின் எல்லை தெரியும். மேசையில் 110 பாகை மடங்கிய கால் இரண்டு வாரம் கழித்து 60இல் நின்றால், வலியும் வீக்கமும் பயமும்தான் பெரும்பாலும் தடுக்கின்றன என்று அவர் ஊகிக்கலாம். மேசையிலேயே 90ஐத் தாண்டாத காலை 120க்கு மடக்கச் சொல்லி நோயாளியை வதைக்கமாட்டார். மறுநாள் வாட்டில் கட்டுப்போட்ட காலை முதன்முதலாகப் பார்க்கிறவருக்கு இந்த வசதி இல்லை.

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் நாற்பது வருஷம் கொழுந்தெடுத்த என் அத்தைக்கு வலது முழங்கால் மாற்றினார்கள். பயிற்சி கொடுக்க வந்த இளம் பெண், அன்று சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் நின்று பார்த்தவர். அத்தைக்கு அதில் பெருமை. "என் காலை உள்ளுக்கே பார்த்த மிஸ்" என்றுதான் எல்லோரிடமும் சொல்வார். வலிக்கிறது என்றால் மிஸ் நம்புவார். இன்னும் கொஞ்சம் மடக்கலாம் என்று மிஸ் சொன்னால் அத்தை நம்புவார். எலும்பில் வாள் ஓடியதையும் சுத்தியல் விழுந்ததையும் கண்டவருக்கு நோயாளியின் முனகல் சோம்பலாகத் தோன்றாது. இந்த நம்பிக்கை புத்தகத்தில் கிடைப்பதல்ல.

இடுப்பு மூட்டில் பார்த்தறிவதன் பயன் இன்னும் அதிகம். பின்பக்கமாக வெட்டித் திறந்தால், தொடையை வெளிப்புறம் திருப்பும் சிறு தசைகளை அறுத்துத் தைக்கிறார்கள். அந்த நோயாளி ஆழமாகக் குனிவதும், கால்மேல் கால் போடுவதும், காலை உள்ளே திருப்புவதும் மூட்டை நழுவச் செய்யலாம். பக்கவாட்டில் திறந்தாலோ, நடக்கும்போது இடுப்பைச் சாயாமல் தாங்கும் தசை அறுபடுகிறது. அது ஆறுமுன் காலைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சி கொடுத்தால் தையலுக்கே கேடு. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே இடுப்பு, ஒரே தழும்பு மாதிரிதான். கண்டியிலோ கொழும்பிலோ வெட்டிக்கொண்டு பஸ்ஸேறிப் பதுளைக்குத் திரும்புகிறவரின் டயக்னோசிஸ் கார்டில் இந்த விவரம் இல்லாமலும் போகலாம். ஒருமுறையாவது கூடத்துக்குள் நின்றவர், எந்த வழியாகத் திறந்தார்கள் என்று கேட்காமல் பயிற்சியைத் தொடங்கமாட்டார்.

பார்த்துத்தான் கற்கவேண்டும் என்பது இந்தச் சிகிச்சையோடு பிறந்த எண்ணம். 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இன்றைய இடுப்பு மாற்றுமுறைக்கு வடிவம் கொடுத்த ஜான் சார்ன்லி, தன்னிடம் வந்து பயிலாத நிபுணர்களுக்குத் தொடக்கத்தில் அந்த மூட்டை விற்கவே விடவில்லை. ஆனால் அதே சார்ன்லிதான் கூடத்துக் காற்றைக் கண்டு மிகவும் பயந்தவர். கிருமி இறங்கக்கூடாதென்று சுத்தமான காற்று ஓடும் தனிக் கூண்டு அமைத்து அதற்குள் நின்று வெட்டினார். உள்ளே வரும் ஒவ்வோர் ஆளும், திறக்கும் ஒவ்வொரு கதவும் காற்றில் கிருமியைக் கூட்டும். செயற்கை மூட்டில் கிருமி புகுந்தால் அதைக் கழற்றி எடுக்கவேண்டியும் வரலாம். ஆகவே மாணவர்களைக் கூட்டமாக உள்ளே விடுவதை நான் ஏற்கமாட்டேன். ஒருவர் போதும், அவரும் அந்த நோயாளியை வீடுவரை பின்தொடரப்போகிறவராக இருக்கவேண்டும். நோயாளியிடம் சம்மதம் கேட்பதும் அவருக்கு விளங்குகிற தமிழில் நடக்கவேண்டும்.

மேசை சொல்லாத விஷயங்களும் உண்டு. மயக்கத்தில் தசை தளர்ந்து கிடக்கிறது. வலி இல்லை, பயம் இல்லை. அங்கே சுலபமாக மடங்கியதைக் கண்டுவிட்டு, வாட்டிலும் அப்படியே மடங்கவேண்டுமென்று முரட்டுத்தனம் காட்டுகிறவர்கள் உண்டு. முழங்காலைக் கண்டதால் அந்த மனுஷியையும் அறிந்துவிட்டதாக நினைப்பதுதான் கூடத்துக்குள் நின்று பார்க்கும் பழக்கத்தின் பெரிய குறை. எவ்வளவு மடங்கவேண்டும் என்பது அவர் நடக்கிற இடத்தையும் பொறுத்தது. சமதரையில் நடக்க 70 பாகை மடக்கம் போதும். படி இறங்க ஏறக்குறைய 90 வேண்டும். குந்தி உட்கார 120க்கு மேல் போகவேண்டும். ஊவாவில் நிலம் எங்கே சமமாக இருக்கிறது? ஹப்புத்தளையோ மடுல்சீமையோ, லயத்திலிருந்து ரோட்டுக்கு வரவே மண்ணில் வெட்டிய படி ஏறவேண்டும். மழை பெய்தால் அந்தப் படியும் வழுக்கும். குழாயடி ஒரு பக்கம், கக்கூஸ் இன்னொரு பக்கம்.

அத்தையின் மிஸ் கெட்டிக்காரி. தமிழ் கொஞ்சம்தான் தெரியும், செய்துகாட்டிச் சொல்லிக்கொடுத்தார். குந்தவே கூடாது என்றும் சரியாகச் சொன்னார். வீட்டில் குந்தும் கக்கூஸ்தான் இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. யாரும் அவரைத் தோட்டத்துக்கு அனுப்பவில்லை. கூடத்துக்குள் சில மணிநேரம் நிற்க அனுமதிக்கிற நிர்வாகம், பசறை பஸ்ஸில் போய்வர அரைநாள் கொடுத்திருந்தால் அதையும் பார்த்திருப்பார்.

இயன்மருத்துவர்களைக் கூடத்துக்குள் அனுப்புங்கள் என்றுதான் நான் கேட்கிறேன். அதே நோயாளியின் லயத்துப் படியையும் ஒருமுறை ஏறிப் பார்க்க அனுப்புங்கள். நேரமிருந்தால் நிபுணரும் கூடப் போகட்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் கிடைக்குமென்றால், மலைநாட்டில் நான் லயத்தைத்தான் சொல்வேன்.

நடுவில் ஓட்டைபோட்ட பலகை நாற்காலி ஒன்றைப் பேரன் அடித்துக் கொடுத்தது மூன்றாம் மாதத்தில். அதுவரை பொழுதுசாய்ந்தபின் அத்தை தண்ணீர் குடிக்கவில்லை.