பிறவாமை நலமென்னும் வாதம்

தென்னாப்பிரிக்காவிலுள்ள கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மெய்ந்நூல் கற்பித்த டேவிட் பெனட்டார் என்பார் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்று, மக்களைப் பெறுதல் பெறப்படுவார்க்கு இழைக்குந் தீங்கேயாம் எனச் சாதிக்கின்றது. பிறவியைப் பிணியென்றே கேட்டுப் பழகிய சைவர்க்கு இது தங்கொள்கையே போலத் தோன்றி மயக்குமாகலின், ஆராயத்தக்கது.

அவர் வாதத்தின் உயிர்நிலை இது: துன்பம் உளதாதல் தீது, இன்பம் உளதாதல் நன்று. துன்பம் இலதாதல், அதனால் நலம் பெறுவார் ஒருவருமிலராயினும், நன்றேயாம். இன்பம் இலதாதலோ, இழப்பார் ஒருவர் இல்வழித் தீதாகாது. ஆகவே பிறவாமையில் இழப்பில்லை, பிறப்பில் தீங்குண்டு. ஆளில்லாத் தீவில் இன்புறுவார் இலரே என்று எவரும் இரங்குவதில்லை யன்றோ என அவர் காட்டுஞ் சான்று எளிதில் தள்ளற்பாலதன்று. பிறந்தார் உயிரை மாய்த்துக்கொள்ளுக என்று அவர் கூறினாருமல்லர். தொடங்கத் தகும் வாழ்வு வேறு, தொடரத் தகும் வாழ்வு வேறு எனப் பகுத்தார். இதனை மறைத்து அவரை இகழ்தல் முறையன்று.

எனினும், இலதாகிய துன்பம் யார்க்கு நன்று? பிறந்திருப்பின் அதனை நுகர்ந்திருப்பார்க்கு என்பது அவர் விடை. அங்ஙனமாயின், அவரே எய்தாதொழிந்த இன்பத்தையும் அவர்க்கே கணக்கிடல் வேண்டும். ஒருபாற்கு ஆளை நிறுத்தி மறுபாற்கு மறைத்தல் நடுவுநிலையாகாது.

சித்தாந்தத்திலோ அவ்வாதம் நிற்றற்கு நிலமேயில்லை. உயிர் அநாதி, பெற்றோர் அதனைப் படைப்பாரல்லர். உடலொடு கூடாத கேவலநிலை ஆணவவிருளில் அறிவு இச்சை செயல்கள் விளங்காது கிடப்பது. அதனை நலமென்பார் இலர். அவ்விருள் நீங்குதற்கே தனு கரண புவன போகங்களை முதல்வன் கூட்டுகின்றான். பிறவிக்கஞ்சிய அடியார்களே கூத்தப்பிரானைக் காணுதற்கு மனிதப்பிறவியை விழைந்ததும் இதனாலென்க.

அற்றேல், குழவியின் துன்பமெல்லாம் அதன் வினையே. பெற்றோர்க்குப் பொறுப்பில்லையெனின், அது பெனட்டாரின் பிழையினும் பெரும்பிழையாம். மேடைகளில் இவ்விடை அடிக்கடி கேட்கப்படுதல் வருந்தத்தக்கது. கொலையுண்டான் தன் வினையால் மாண்டான் எனினும் கொன்றான் பழியினின்று நீங்கான். அதுபோலப் பிராரத்தம் குழவியதேயாயினும், ஊட்டவும் காக்கவும் எண்ணாது பெற்றார்க்கு அச்செயல் ஆகாமியமாய் ஏறும். வினைக்கொள்கை பிறர் துன்பத்துக்குக் காரணங் கூறுவது. அத்துன்பத்துக்கு வாயிலாவாரை விடுவிப்பதன்று.

முதுமைக்குத் துணையென்றும், குடிப்பெயர் விளங்குமென்றும் கருதிப் பெற்றார், 'குழவியின் பொருட்டே பெற்றேம்' என்றல் ஒவ்வாதென அந்நூல் கூறும் பகுதிக்குச் சைவர் மறுப்புத் தேடவேண்டுவதில்லை, அது மெய்யே.